இரண்டாவது கடிதம்: இங்கிலாந்தில் விசா, வீடு, கவுன்சில் – அறிந்தவர்களின் அனுபவப் பகிர்வு

வீட்டு ஆலோசனை மேசையிலிருந்து

அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு இரண்டு கடிதம் வரும். அந்தஸ்து கிடைத்ததைச் சொல்லும் முதல் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், படம் எடுத்து ஊருக்கும் அனுப்பியிருப்பார்கள். இரண்டாவது பிரிக்கப்படாமலே கிடக்கும். அறையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து நின்ற பிறகுதான் அது ஆலோசகரின் மேசைக்கு வருகிறது. தேதி இருப்பது அந்த இரண்டாவது கடிதத்தில்தான். ஹோம் ஆபீஸ் (உள்துறை அமைச்சு) தந்த தங்குமிடமும், ஆஸ்பென் கார்டு என்ற உதவித்தொகை அட்டையில் விழும் காசும் (சமைத்துச் சாப்பிடும் இடமென்றால் 2024 ஜனவரியிலிருந்து ஆளுக்கு வாரம் 49.18 பவுண்டு) எந்த நாளோடு நிற்கும் என்று அதில் எழுதியிருக்கும்.

சட்டப்படி அந்த அவகாசம் 28 நாள். 2024 டிசம்பரில் பரீட்சார்த்தமாக 56 நாளாக்கினார்கள். 2025 செப்டம்பரில் தனியாட்களுக்கு மறுபடியும் 28 நாளாகச் சுருக்கிவிட்டார்கள். அதனால் 'அவருக்கு இரண்டு மாதம் கொடுத்தார்களே' என்று முன்பு அந்தஸ்து கிடைத்த சிநேகிதரை நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள தேதிதான் உங்களுக்குக் கணக்கு. தங்குமிடத்தை நடத்தும் நிறுவனம் தரும் வெளியேற்ற அறிவிப்பு கடைசி 7 நாளில்கூட வரலாம். அதற்காகக் காத்திருந்தால் கையில் ஒரு வாரம்தான் மிஞ்சும்.

கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றத்துக்கு) முதல் கடிதம் வந்த அன்றே போக வேண்டும். 2017ஆம் ஆண்டின் வீடின்மைக் குறைப்புச் சட்டப்படி, 56 நாளுக்குள் வீடு இழக்கப்போகிற ஒருவருக்கு உதவ வேண்டியது கவுன்சிலின் கடமை. 28 நாள் அந்த 56க்குள் அடக்கம்தானே? ஆனாலும் கவுண்டரில் 'வெளியே போடுகிற அன்று வாருங்கள்' என்று அனுப்பிவிடுவது இன்னும் நடக்கிறது. அப்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "என் விண்ணப்பத்தை இன்றைக்கே பதிவு செய்யுங்கள். எடுக்க மாட்டோம் என்றால் அதை எழுத்தில் தாருங்கள்." வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்துப் போவது கடினம். எழுத்தில் கேட்டாலே பாதிப் பேருக்கு விண்ணப்பம் திறந்துவிடுகிறது.

கொண்டுபோக வேண்டியவை: இரண்டு கடிதமும், இ-விசாவின் பகிர்வுக் குறியீடு (உங்கள் விசாவை மற்றவர் ஆன்லைனில் பார்க்க நீங்கள் எடுத்துத் தரும் எண்), வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் அது, பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், கர்ப்பமென்றால் மகப்பேற்றுத் தாதியின் கடிதம், மருந்துப் பட்டியல்.

பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருக்கும் குடும்பத்துக்குத் தற்காலிக இடம் கிடைக்கும். தனி ஆணுக்குத்தான் சிக்கல். பார்வைக்குத் திடகாத்திரமாக இருக்கிறார், முன்னுரிமை இல்லை என்று எழுதிவிடுவார்கள். இங்கேதான் ஒரு பெரிய ஆதாரம் வீணாகிறது. அகதி வழக்குக்காக மருத்துவர் எழுதிய அறிக்கை (தழும்புகள், தூக்கமின்மை, சித்திரவதையின் மனப்பாதிப்பு) வழக்கறிஞரின் கோப்பிலேயே கிடக்கிறது. வழக்கு வென்றதும் அதன் வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த அறிக்கையின் பிரதியை வாங்கிக் கவுன்சிலிடம் கொடுங்கள். வீடில்லாமல் போனால் ஒரு சாதாரண மனிதரைவிட இவர் கூடுதலாகப் பாதிக்கப்படுவாரா என்றுதான் பார்க்க வேண்டும் என 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை அந்த அறிக்கையில்தான் இருக்கிறது.

இன்னொரு தவறு ஊர் மாறுவது. மிடில்ஸ்பரோவில் தங்கவைக்கப்பட்டவர், தெரிந்தவர்கள் எல்லாம் லண்டனில்தான் என்று ஈஸ்ட் ஹாமுக்கோ ஹாரோவுக்கோ வந்து அங்குள்ள கவுன்சிலில் பதிகிறார். ஹோம் ஆபீஸ் கடைசியாகத் தங்கவைத்த ஊரோடுதான் சட்டம் அவரைச் சேர்த்துப் பார்க்கிறது. வேலையோ நெருங்கிய உறவோ லண்டனில் இருப்பதாகக் காட்ட முடியாவிட்டால் திருப்பி அனுப்ப லண்டன் கவுன்சிலுக்கு உரிமை உண்டு. ஆனால் வீடு இன்னும் போகாத, அது போகாமல் தடுக்கக் கவுன்சில் உதவும் கட்டத்தில் அப்படி அனுப்ப முடியாது. சீக்கிரம் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்

வீட்டு ஆலோசனை அக்கா மேலே சொன்ன கவுன்சில் கவுண்டரிலேயே சொற்களால் கெட்டுப்போகிற கேஸுகளும் உண்டு.

அதிகாரி 'ஹோம்லெஸ்ஸா?' என்று கேட்பார். 'வீடில்லாதவரா?' என்று தமிழாக்கினால் எங்கட சனத்துக்கு றோட்டில படுக்கிற ஆள்தான் நினைவுக்கு வரும். மானம் விட்டு ஆம் என்று சொல்ல மாட்டார்கள். 'இல்லை, சிநேகிதன் வீட்டில நிக்கிறன்' என்பார்கள். 'தங்க இடம் இருக்கிறது' என்று அங்கே பதிவாகும். கேஸ் அந்த வரியிலேயே முடிந்துவிடும். சிநேகிதன் இரக்கப்பட்டு வரவேற்பறையில் பாய் விரித்துத் தந்தால், அங்கே தொடர்ந்து இருக்க முடியாத நிலையில் சட்டப்படி அவர் வீடற்றவராகவே கருதப்படலாம். 'நிரந்தரமாக இருக்க எனக்கு இடமில்லை. இன்ன திகதிக்குப் பிறகு அவர் வைத்திருக்க மாட்டார்' என்று சொல்ல வேண்டும். சிநேகிதனிடம் அதையே இரண்டு வரியில் திகதி போட்டு எழுதி வாங்கினால் இன்னும் நல்லது.

அடுத்தது உறவுமுறை. சித்தப்பாவின் மகனும் எங்களுக்குத் தம்பிதான். 'குரோய்டனில தம்பி இருக்கிறான்' என்றால் உடன்பிறந்தவர் என்று எழுதுவார்கள். பிறகு 'தம்பியோடு போய் இருக்கலாமே' என்று கேள்வி வரும். இதைவிடப் பெரிய ஆபத்து, அகதி நேர்காணலில் 'சகோதரர் ஒருவர்' என்று சொன்னவர் கவுன்சிலில் மூன்று தம்பிமார் பெயர் சொன்னால் இரண்டு பதிவும் முரண்படும். தாய்வழியா தந்தைவழியா, கூடப் பிறந்தவரா என்பதை விரித்தே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியோ ஜீபியோ (குடும்ப மருத்துவரோ) தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். நேரம் பதியும்போதே கேட்டு, இரட்டை நேரமும் கேளுங்கள். பத்து நிமிடத்தில் இரண்டு மொழியில் ஒரு நோயைச் சொல்லி முடிக்க முடியாது.

கொடுப்பனவுக் கணக்கு பார்ப்பவர்

நாள் கணக்கு மட்டும் சொல்கிறேன். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் முதல் காசு வர ஏறக்குறைய 5 வாரம், அதாவது 35 நாள். ஹோம் ஆபீஸ் காசு நிற்பது 28ஆம் நாள். முதல் நாளே விண்ணப்பித்தாலும் ஒரு வாரம் வெறுங்கை. காசு நின்ற பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைத்துக் காத்திருப்பவருக்கு ஐந்து வாரமும் வெறுங்கை.

என்ஐ எண் (தேசியக் காப்பீட்டு எண்) இல்லை என்று நிற்காதீர்கள், அது இல்லாமலே விண்ணப்பிக்கலாம். முன்பணம் கேட்கலாம். அது கடன்தான், 24 மாதம் வரை மாதாமாதம் வெட்டுவார்கள். 35 வயதுக்குக் கீழான தனியாளுக்குப் பெரும்பாலும் பகிர்ந்து வாழும் அறைக்கான வாடகைதான் கிடைக்கும். அந்த அளவும் 2024 ஏப்ரலில் நிர்ணயித்த இடத்திலேயே நிறுத்தப்பட்டது. வாடகை மட்டும் நிற்கவில்லை.

வாடகை வீடுகளை ஆய்வு செய்பவர்

இங்கிலாந்தில் 2016 பிப்ரவரியிலிருந்து வீட்டுக்காரரே விசா பார்க்க வேண்டும். தவறினால் ஒரு குடியிருப்பாளருக்கு முதல் தடவை 10,000 பவுண்டு வரை, மறுபடி தவறினால் 20,000 வரை அபராதம். 2024 பிப்ரவரியில் இப்படி உயர்த்திய பிறகு, நல்ல விசா இருப்பவரைக்கூட 'வேண்டாம் வம்பு' என்று கழித்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தைத் தீர்க்க வேண்டியது நாம் என்பது அநியாயம்தான். ஆனாலும் வீடு வேண்டும்.

பகிர்வுக் குறியீடு 90 நாள்தான் செல்லும். வாடகைக்கானது 'ஆர்' எழுத்தில் தொடங்கும், வேலைக்கானது 'டபிள்யூ', மற்றவற்றுக்கு 'எஸ்'. வேலைக் குறியீட்டை வீட்டு ஏஜெண்டுக்கு அனுப்பினால் அவர் திரையில் ஒன்றும் திறக்காது. 'விசா சரியில்லை' என்று பதில் எழுதுவார். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு பெட்டியில், இ-விசாவில் வேறு பெட்டியில், வங்கியில் இனிஷியலோடு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஏஜெண்டுக்குத் தெரியாது. முதலில் இ-விசாவில் உள்ள பிழையை ஆன்லைனில் அறிவித்துத் திருத்துங்கள். விசா நீட்டிப்பு ஹோம் ஆபீஸில் நிலுவையில் இருந்தால், வீட்டுக்காரர்களுக்கென்றே ஒரு சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. 2 வேலை நாளில் பதில் தரும். அது இருப்பதே பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை.

டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது (ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்தால்). மாதம் 1,500 என்றால் 12ஆல் பெருக்கி, 52ஆல் வகுத்து, 5ஆல் பெருக்குங்கள்: 1,730 பவுண்டுச் சொச்சம். இரண்டு மாத வாடகை 3,000 கேட்டால் 1,269 பவுண்டுச் சொச்சம் கூடுதல். வாங்கிய டெபாசிட்டை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு விவரம் தர வேண்டும். தவறினால் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் வாங்கித் தரும். புதிதாக வந்தவர்களிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்கும் வழக்கத்துக்கும் 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் தடை போட்டது. 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது.

அறை அளவு மிக முக்கியம். இரண்டோ அதற்கு மேலோ குடும்பங்களாக 5 பேர் அல்லது கூடுதலாக இருந்து, சமையலறையோ கழிப்பறையோ பொதுவாக இருந்தால் அந்த வீட்டுக்கு உரிமம் வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் பெரியவர் ஒருவர் படுக்கும் அறை 6.51 சதுர மீட்டர், இருவர் என்றால் 10.22, பத்து வயதுக்குக் கீழான பிள்ளைக்கு 4.64. நம்மவர்கள் அடிக்கணக்கில் பார்ப்பார்கள். 10 அடிக்கு 7 அடி அறை 6.50 சதுர மீட்டர்தான், மயிரிழையில் தோற்கிறது. கூரை சரிந்து 1.5 மீட்டருக்குக் குறைவாக உயரமுள்ள பகுதி கணக்கில் சேராது. மாடி அறைகள் பெரும்பாலும் இதில்தான் மாட்டும். நாடாவை நீட்டி, உயரம் குறையும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து அளந்து படம் எடுத்து வையுங்கள். உரிமம் இல்லாத வீடென்றால் கட்டிய வாடகையைத் தீர்ப்பாயத்தில் திருப்பிக் கேட்கலாம். ஓராண்டு வாடகை என்றிருந்த உச்சவரம்பை 2025 சட்டம் இரண்டாண்டாக்கியது.

ஆஸ்பத்திரிக் கட்டணப் பிரிவை அறிந்தவர்

வேலை விசாவில் வந்த குடும்பங்களுக்கு. விசாவில் 'பொது நிதி கிடையாது' என்று இருப்பதைப் பார்த்துப் பிள்ளையை ஜீபியிடம்கூடக் காட்டாமல் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையும் அரசுப் பள்ளியும் அந்தப் 'பொது நிதி'யில் சேராது. பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776 என்று மருத்துவக் கட்டணத்தை விசாவோடு பெரும்பாலும் முன்கூட்டியே கட்டியிருப்பீர்கள். ஜீபியில் பதிய அடையாள அட்டையும் முகவரி ஆதாரமும் கட்டாயமில்லை. கவுன்சில் வரியில் தனியாளுக்கான 25 சதவீதத் தள்ளுபடியை வாங்கலாம். குறைந்த வருமானத்துக்கான வரிக் குறைப்புதான் பொது நிதி, அதைத் தொடக் கூடாது. இரண்டும் கேட்கும்போது ஒரே மாதிரி இருக்கும்.

அம்மா அப்பா பார்வையாளர் விசாவில் வந்தால் கவனம். அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். வார்டில் சேர்த்த நிமிடத்திலிருந்து என்எச்எஸ் செலவின் 150 சதவீதம் பில் வரும். 500 பவுண்டுக்கு மேல் 2 மாதம் கட்டாமல் விட்டால் ஹோம் ஆபீஸுக்குப் போகும், அடுத்த விசா அதனாலேயே மறுக்கப்படலாம். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்டு எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் சிகிச்சையும் எல்லாருக்கும் இலவசம்.

குடிவரவுக் கொள்கையைத் தொடர்ந்து வாசிப்பவர்

வீட்டு நெருக்கடிக்கு வந்தவர்கள்தான் காரணம் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இங்கிலாந்தில் 1980இலிருந்து ஏறக்குறைய 20 இலட்சம் கவுன்சில் வீடுகள் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. 2025 மார்ச் முடிவில் 1,30,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடத்தில் இருந்தன. புதிதாக வருகிறவர்கள் அந்த வரிசையின் நீளத்தைக் கூட்டுகிறார்கள் என்பது உண்மை. வரிசை எதனால் நகரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எந்த வாசலால் வந்தீர்கள் என்பதை வெளியுறவுக் கொள்கை தீர்மானிக்கிறது. உக்ரைனியருக்கு 2022இல் தங்கவைப்பவருக்கே மாதம் 350 பவுண்டு கொடுத்து, முதல் நாளிலிருந்து வேலைக்கும் கொடுப்பனவுக்கும் வழி திறந்தார்கள். 2021இல் காபூலிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் நீண்ட காலம் ஹோட்டலில் இருந்தார்கள். அதே 2021 அக்டோபரில் படகு பழுதாகி, இந்துமாக்கடலில் பிரிட்டன் வசமிருந்த டியேகோ கார்சியா தீவில் இறங்கிய தமிழர்கள் மூன்று வருடம் கூடாரத்தில் இருந்தார்கள். அந்தத் தீவை மொரீஷியஸுக்குக் கொடுக்கும் பேச்சு உடன்பாட்டை எட்டிய பிறகு, 2024 டிசம்பரில்தான் அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதே மாதம், அவர்களைத் தீவில் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீட்டு ஆலோசனை மேசையிலிருந்து, மறுபடியும்

விட்டுப்போன ஒன்று. கவுன்சில் கடைசியில் ஒரு வீடு தரும்: தூரமாக இருக்கும், பிள்ளையின் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கும். 'வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பொருத்தமான வீட்டைத்தான் மறுத்தார் என்று முடிவானால் கவுன்சிலின் கடமை அதோடு தீர்ந்துவிடும், தற்காலிக இடமும் போகும். சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டே, முடிவு தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் 'இந்த வீடு எங்களுக்குப் பொருத்தமில்லை, மீளாய்வு செய்யுங்கள்' என்று எழுதுங்கள். ஏற்றுக்கொண்டவருக்கும் அந்த உரிமையைச் சட்டம் வெளிப்படையாகவே கொடுத்திருக்கிறது. பள்ளியின் கடிதம், பஸ் நேரம், மருத்துவர் இருக்கும் இடம் எல்லாவற்றையும் அதோடு இணையுங்கள். அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள்.