குடிமறக்கும் குளிசையைக் களவாகக் கொடுக்கலாமா?

படுவான்கரையான்: சொந்தக்கார அக்கா ஒருவர் புருசனின் தேத்தண்ணியில் குளிசை கலந்து கொடுக்கிறார். கசிப்பு (கள்ளச்சாராயம்) குடித்ததும் மனுசன் சத்தியெடுத்தார். ஓரிரு தரம் அப்படியானதும், உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று தானாகவே விட்டுவிட்டார். மாமாங்கத்துக் கோயிலில் வைத்த நேர்த்தியால் ஆகாதது இதால் ஆனது. இதில் என்ன பிழை?

மருந்துக்கடைத் தம்பி: அண்ணன், அது டைசல்பிரமாகத்தான் இருக்கும். ஈரல் மதுவை அசிட்டால்டிஹைட் என்ற நஞ்சாக்கி, பிறகு அதையும் உடைக்கும். அந்த இரண்டாவது வேலையை இந்தக் குளிசை தடுத்துவிடும். அந்த நஞ்சு உடம்பில் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழும். இதய வருத்தம் உள்ளவர் செத்தும் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு கிழமை வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்து எடுப்பவர் குடிக்காமல் தப்புவார். தெரியாதவர்?

படுவான்கரையான்: கசிப்பு மட்டும் ஆளை வாழ வைக்குமோ? அடி வாங்குகிறவர் அந்த அக்கா.

கல்லடி வாத்தி: குடியை விடுவதற்காக ஒரு மருந்துக்கு அடிமையாவதா? மனவுறுதி இருந்தால் இன்றைக்கே நிறுத்தலாம்.

மருந்துக்கடைத் தம்பி: சேர், நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், உயிரே போகலாம். அதனால்தான் வார்டில் வைத்து, பி1 விற்றமினும் கொடுத்து நிறுத்துகிறார்கள். அப்புறம், குடியை விட டொக்டர்மார் கொடுக்கும் இன்னொரு குளிசை நால்ட்ரெக்சோன், அதற்கு யாரும் அடிமையாவதில்லை. குடியில் வரும் சுகத்தை அது மழுங்கடிக்கும், சத்தி வர வைக்காது. அமெரிக்காவில் 1994இலேயே அதைக் குடிநோய்க்கு மருந்தாக அனுமதித்தார்கள். ஈரலைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மோர்பின் வகை வலிமருந்து எடுப்பவருக்கு ஆகாது.

கல்லடி வாத்தி: சரி, வார்டில் நிறுத்துவது நியாயம். வீட்டுக்கு வந்தபின் தவறணைக்கு (சாராயக்கடைக்கு) போகும் காலை எந்தக் குளிசை கட்டிப்போடும்?

மருந்துக்கடைத் தம்பி: கட்டிப்போடாது சேர். ஆசையைக் குறைக்க அகாம்ப்ரோசேட் உண்டு, ஆலோசனையும் சேர்ந்தால்தான் பலன்.

படுவான்கரையான்: நல்லாக் கதைக்கிறீர்கள். மனநலப் பிரிவென்றால் விசரர் போகும் இடமென்று மனுசன் படியேறமாட்டார்.

மருந்துக்கடைத் தம்பி: அக்கா முதலில் தனியாகப் போகட்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவரை கலப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

படுவான்கரையான்: போகச் சொல்கிறேன். நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மருந்துக்கடைத் தம்பி: அப்படியென்றால் டொக்டரிடமாவது மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மனுசன் மயங்கி விழுந்து கொண்டுபோனால், உள்ளே என்ன போயிருக்கிறதென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.