கண்டாங்கியில ரஜாய் தைக்கப் போயி நான் பட்ட பாடு

காரைக்குடி வெயில்ல ரஜாயா, பஞ்சு வச்சுத் தச்ச போர்வையான்னு சிரிக்காதீங்க, மகளைக் கட்டிக் கொடுத்தது கோத்தகிரில, மார்கழில ரெண்டு கம்பளி போத்தினாலும் கால் சில்லுன்னு இருக்குன்னு போன்ல ஒரே பொலம்பல். சரின்னு அப்பத்தாவோட பழைய கண்டாங்கிச் சேலை ரெண்டு எடுத்தேன், கடுகு மஞ்சள்ல அரக்குக் கட்டம் போட்டது. உள்ள வைக்க ரெண்டாங்கட்டு ரூம்ல கெடந்த சீர் மெத்தையைப் பிரிச்சேன், அத்தனையும் இலவம் பஞ்சு. தும்மித் தும்மி கண்ணெல்லாம் செவந்து, விதை பொறுக்கி, வெயில்ல போட்டு, முழம் அகலத்துக்கு ஒரு கட்டம்னு தச்சு அனுப்பிட்டேன். பெருமை தாங்கல!

ஒரே வாரம். "ஆத்தா, கறுப்பு ஸ்வெட்டர் பூரா பஞ்சு, பூனை படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்கு"ங்கிறா. அத்தோட விட்டாளா, வாஷிங் மெஷின்ல வேற போட்டுட்டா. அரக்குச் சாயம் வெள்ளை லைனிங்ல எறங்கி, பஞ்சு கட்டத்துக்கு ஒரு கொழுக்கட்டையா திரண்டு போச்சு, நடுவுல வெறுந்துணி.

டெய்லர் பாத்துட்டு சொன்னாரு, இலவம் பஞ்சு வழவழன்னு இருக்கும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்காது, துணி இழை கொஞ்சம் விலகி இருந்தாலும் வெளிய வந்துரும், துவைக்கிற சாமானுக்கு அது ஆகாதுன்னு. ரெண்டாவது தடவை ரோலா வர்ற பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டு, அடியில ஃபிளானல். ஃபிளானலை நனைச்சுக் காயவச்சதுல ரெண்டு இஞ்ச் சுருங்கிருச்சு, நல்லவேளை தைக்கிறதுக்கு முன்னாடி. கண்டாங்கியை தண்ணி தெளியிற வரைக்கும் அலசினேன். தையலை மட்டும் ரொம்ப நெருக்கி அடிச்சிராதீங்க, உள்ள நிக்கிற காத்துதான் சூடே, அமுங்கிட்டா வெறும் ஜமுக்காளம்தான்.

—

ஆச்சி, நான் இதுக்கும் மேல. சிந்தெடிக் சேலை வீணா கெடக்கேன்னு ரெண்டு பக்கமும் அதையே வச்சுத் தச்சேன், பாக்க பளபளன்னு பட்டாட்டம் இருந்துச்சு. கொடைக்கானல்ல மூணு ராத்திரி நானும் அவுகளும் மாத்தி மாத்தி கீழ கெடந்த ரஜாயை எடுத்துப் போட்டதுதான் மிச்சம், அப்படி வழுக்குது. போதாததுக்கு உள்ள வேர்க்குது, வெளிய குளுருது. அடித்துணி காட்டனாத்தான் இருக்கணும்னு அப்பத்தான் புத்தி வந்துச்சு.

—

தேவகோட்டைலேர்ந்து எழுதுறேன். இலவம் பஞ்சை ஒரேடியா ஒதுக்காதீங்க, எடையே தெரியாத சூடு அது. மெத்தைக்காரர் போடுற கோடு போட்ட நெருக்கத் துணி இருக்குல்ல, அதுல உறை தச்சு பஞ்சை அடைச்சு, கட்டமும் உள்ளங்கை அளவுக்கு சின்னதா போட்டேன். கண்டாங்கியை மேலுறையா பட்டன் வச்சு மாட்டிருக்கேன், அழுக்கானா அதை மட்டும் கழட்டித் துவைப்பேன், உள்ளது மாசத்துக்கு ஒருதரம் வளவு முத்தத்துல வெயில் காயும். நாலு வருசமாச்சு, ஒரு இழை வெளிய வரல. அடுப்பு, ஹீட்டர் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க, சட்டுனு பத்திக்கும். ஆச்சி, அந்தக் கொழுக்கட்டைப் பஞ்சைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? காயவச்சு கையால பிச்சு விட்டா ரெண்டு தலையணைக்கு ஆகுமே.