பர்மா வயல்களில் கண்ணாடி விரியனிடம் கடி வாங்கியவர்கள் எழுதுங்கள்

தட்டோன்காரன்:
அறுப்பு தொடங்கிவிட்டது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். போன கார்த்திகையில் அப்பா கதிரை அள்ளக் குனிந்தபோது கணுக்காலுக்கு மேல் கடித்துவிட்டது. சீறல்கூடக் கேட்கவில்லை என்கிறார் (காது மந்தம், அது தனிக்கதை). லுங்கியைக் கிழித்து இறுக்கிக் கட்டினோம். அப்படிக் கட்டவே கூடாதாம், பிறகு நன்றாக ஏச்சு வாங்கினோம். மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பெரிய மிஷின் ஏதாவது வைத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நர்ஸம்மா சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து மேசையில் நிறுத்தி, "20 நிமிடம் யாரும் தொடக்கூடாது" என்றார். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் ஆனதும் குழாயைச் சாய்த்தார். உறைந்து நின்றிருக்க வேண்டிய ரத்தம் தண்ணீராய் ஓடியது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அப்புறம் எங்கள் வேலையெல்லாம் மூத்திரத்தை அளப்பதுதான். அளவு குறைந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அப்பா பிழைத்துக்கொண்டார்.

பெகு மாமா:
தம்பி, எனக்குக் கடித்தபோது சென்னை மச்சான் மருந்து வாங்கி அனுப்பட்டுமா என்றார். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அங்கே இருக்கும் விரியன் இனம் டபோயா ரஸ்ஸெலி, நம் வயலில் இருப்பது டபோயா சியாமென்சிஸ். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் விஷம் வேறு. அந்த ஊர் மருந்து இங்கே சரியாகக் கேட்காது. பர்மாவிலேயே தயாரிக்கிறார்கள். விரியனுக்குத் தனி மருந்து, நாகத்துக்குத் தனி மருந்து. அதனால் கடித்தது எது என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்காகப் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தூர நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும்.

சேற்றுக்கால்:
பூட்ஸ் போடு, பூட்ஸ் போடு என்கிறார்கள். நாற்று நடும் சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு பத்தடி நடந்து பார்க்கச் சொல்லுங்கள்! நான் அறுப்புக்கு மட்டும் போடுகிறேன், அப்போது தரை காய்ந்திருக்கும். கதிர்க்கட்டைத் தூக்குமுன் கம்பால் ஒரு தட்டு. பாம்பு எலிக்காக வருகிறது. எல்லாவற்றையும் அடித்துவிட்டால் எலிக்குத்தான் கொண்டாட்டம்.

மோல்மேன் அக்கா:
பிழைத்து வீட்டுக்கு வந்ததும் முடிந்தது என்று எண்ண வேண்டாம். என் அத்தைக்குக் கடித்த புண் ஆறியது, ஆனால் ஆள் பழையபடி ஆகவில்லை. எப்போதும் சோர்வு, குளிர், மாதவிலக்கு நின்றது, அக்குள் முடி உதிர்ந்தது. மந்திரிக்கக்கூட அழைத்துப் போனோம். ஆறு வருடம் கழித்து ஒரு டாக்டர்தான், "முன்னே பாம்பு ஏதாவது கடித்ததா?" என்று கேட்டார். விரியன் விஷம் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருந்து உடம்பின் ஹார்மோன்களை நடத்தும் பிட்யூட்டரி சுரப்பியைக் கெடுத்துவிடுமாம். பர்மா நோயாளிகளைப் பார்த்து 1987இலேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அதற்குள் அத்தைக்கு ஆறு வருடம் போய்விட்டது. இப்போது தினமும் மாத்திரை, எழுந்து சமைக்கிறார்.

தட்டோன்காரன்:
அக்கா, அப்பா நல்ல வெயிலிலும் சட்டைக்கு மேல் சட்டை போடுகிறார். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். திங்கள்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். அத்தைக்கு என்ன டெஸ்ட் எடுத்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.