டிஸ்அப்யூஸ்: ஒரு வரியைத் தப்பாகப் படித்ததில் போன துணி

டிஸ்அப்யூஸ் (disabuse) என்ற ஆங்கில வார்த்தையை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். திருப்பூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் ஆளாகச் சேர்ந்த புதிது. மூன்று கலருக்கு லேப் டிப், அதாவது பையர் பார்த்து ஓகே சொல்வதற்காகச் சாயம் ஏற்றிய சின்னத் துணி மாதிரி, அனுப்பியிருந்தோம். லண்டன் பையரிடமிருந்து பதில் வந்தது, அதில் ஒரு வரி 'லெட் மீ டிஸ்அப்யூஸ் யூ' என்று ஆரம்பித்தது. அப்யூஸ் என்பதைப் பார்த்ததும் பயந்துவிட்டேன், நாங்கள் ஏதோ மரியாதைக் குறைவாக எழுதிவிட்டோம், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து முதலாளியிடம் ஓடினேன். "நாம ஒண்ணும் சொல்லலீங்களே தம்பி, எதுக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போட்டுருங்க" என்றார். போட்டேன்.

அந்த வரியின் மீதியை நாங்கள் யாரும் ஒழுங்காகப் படிக்கவில்லை. மூன்று கலரும் அப்ரூவ் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நேவி ப்ளூ மட்டும்தான் ஓகே என்பதுதான் விஷயம். அன்று சாயங்காலமே மூன்று கலர் துணியும் சாயப்பட்டறைக்குப் போய்விட்டது. இரண்டு கலர் வீண், செலவு எங்கள் தலையில்.

அப்புறம் அகராதியைப் பிரித்தால், அப்யூஸுக்கு ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் 'ஏமாற்று' என்றும் ஒரு பொருள் இருந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தில் ஒதெல்லோவை யாரோ அப்யூஸ் செய்துவிட்டதாக அவன் மனைவியின் பணிப்பெண் எமிலியா சொல்லும் இடத்தில் திட்டும் இல்லை அடியும் இல்லை, எவனோ பொய்யை நம்பவைத்துவிட்டான் என்பதுதான் அர்த்தம். பிரெஞ்சில் இன்றைக்கும் 'சி ஜெ ந மாபூஸ்' என்றால் 'நான் தப்பாக நினைக்கவில்லை என்றால்'. டிஸ்அப்யூஸ் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டில். முன்னால் நிற்கும் 'டிஸ்' அந்த ஏமாற்றைக் கழற்றிவிடுகிறது, அதாவது தப்பான எண்ணத்திலிருந்து ஆளை விடுவிக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று கவனியுங்கள், டிஸ்அப்யூஸ் செய்வது ஆளைத்தான், எண்ணத்தை இல்லை. முதலில் ஆள், பிறகு 'ஆஃப்' (of), அதற்கும் பிறகுதான் அவர் மனதில் இருக்கும் தப்பான எண்ணம். 'அந்தக் கட்டுக்கதையை டிஸ்அப்யூஸ் செய்தார்' என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அது சரியில்லை. தொனியும் கொஞ்சம் கண்டிப்பானது, மேலதிகாரிக்கு எழுதும் மெயிலில் நான் போடமாட்டேன்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது என்று ரொம்ப நாள் தேடினேன். தவறான எண்ணத்தைப் போக்குதல் என்றெல்லாம் நீட்டி முழக்க வேண்டியதே இல்லை, 'மருள் நீக்கு' என்று நம்மிடமே இருக்கிறது. குறளில் 'மருள்நீங்கி மாசறு காட்சியவர்க்கு' என்று வருகிறது, அப்பருக்குப் பெற்றோர் வைத்த பெயரே மருள்நீக்கியார். மருள் என்பது மெயிலில் வரும் சின்னத் தப்பெண்ணத்தைவிடக் கனமான சொல்தான், ஆனாலும் கச்சிதமாகப் பொருந்துவது அதுதான் என்பேன்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இதே வார்த்தையோடு ஒரு மெயிலைக் கொண்டுவந்து காட்டினார். 'ஆஃப்' எங்கே இருக்கிறது பாரும்மா, அதற்குப் பின்னால் இருப்பதுதான் நாம் தப்பாக நினைத்தது என்றேன். படித்துவிட்டு நேராகச் சாயப்பட்டறைக்குப் போன் போட்டார்.