சிங்கப்பூரில் 12 நாள்களே மீதம்: மரைன் இன்ஜினியரிங் முடித்தவன் கரைவேலைக்குப் பணம் கட்டலாமா?

ராயபுரத்துக்காரன்:
வணக்கம். சென்னையில் மரைன் இன்ஜினியரிங் பி.டெக். முடித்து, ஒரு கப்பலில் பயிற்சிப் பொறியாளராக இருந்துவிட்டு, இப்போது சிங்கப்பூரில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். விசிட் பாஸ் முடிய 12 நாள்களே இருக்கின்றன. இங்குள்ள முகவர் ஒருவர், கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, நாளை மறுநாளுக்குள் 3 லட்சம் ரூபாய் கட்டச் சொல்கிறார். அப்பா காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்து, கடன் வாங்கி என்னைப் படிக்க வைத்தவர். வெறுங்கையோடு திரும்பி அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? பணத்தைக் கட்டலாமா? இந்தப் படிப்புக்குக் கரையில் வேறு என்ன வழி உண்டு?

ஷார்ஜா அண்ணன்:
தம்பி, கலங்க வேண்டாம். 2008 இறுதியில் கப்பல் வாடகை சரிந்து கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தியபோது, நான் ஷார்ஜாவுக்கு வந்து, ஓர் அறையில் எட்டுப் பேராகப் படுத்து, ஐந்து மாதம் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் தின்று காலம் தள்ளினேன். முதல் வேலை வால்வு கழுவுவது. குளிர்காலத்தில் டீசலில் கை வைத்து வைத்து விரல் நுனிகள் வெடித்து, சோறு பிசையவே முடியாது. அந்தக் கஷ்டந்தான் இன்று என்னை ஒர்க்‌ஷாப் மேலாளராக்கியிருக்கிறது. நானும் முகவருக்குப் பணம் கொடுத்துத்தான் வந்தேன். முதலில் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும்; கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சமையலும் கற்றுக்கொள்ளுங்கள், பாதிச் செலவு மிச்சமாகும்.

திருவொற்றியூர் சீஃப்:
ஷார்ஜா அண்ணனின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன வழி இந்தத் தம்பிக்கு ஆகாது. கரையில் நல்ல வேலைகள் பல உள்ளன: கப்பல் மேலாண்மை நிறுவனத்தில் கப்பல்களின் பராமரிப்பைக் கரையிலிருந்து கவனிக்கும் டெக்னிக்கல் சூப்பரின்டென்டென்ட், கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் கிளாஸ் சர்வேயர், காப்பீட்டு ஆய்வாளர். இவற்றில் சூப்பரின்டென்டென்ட் நாற்காலிக்குப் பெரும்பாலும் சீஃப் இன்ஜினியராக இருந்தவரையோ, குறைந்தது அவருக்கு அடுத்த நிலையான செகண்ட் இன்ஜினியராக இருந்தவரையோதான் தேடுவார்கள். கிளாஸ் ஃபோர் சி.ஓ.சி. என்ற தகுதிச் சான்றிதழை எடுத்து ஃபோர்த் இன்ஜினியராகி, கிளாஸ் டூ எழுதி செகண்டாகி, கிளாஸ் ஒன் முடித்து சீஃபாகும் வரை கடலில் நிற்பவருக்குக் கரையின் கதவு தானே திறக்கும். சான்றிதழ் இல்லாமல் பட்டறைக்குள் நுழைந்தவர் பத்து ஆண்டு கழித்தும் அங்கேயே நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதுவும் போக, பட்டறையில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் ஒரு நாள்கூட சீ டைமாக, அதாவது கடற்பணிக் காலமாக, கணக்கில் ஏறாது.

ஒரு கேடட்டின் (கப்பல் பயிற்சி மாணவரின்) தந்தை, பெரம்பூர்:
கடலுக்குப் போ என்று சொல்வது எளிது, ஐயா. கப்பல் எங்கே இருக்கிறது? என் மகன் சேர்ந்த கல்லூரியில் அனைவருக்கும் வேலை நிச்சயம் என்றார்கள். படிப்பு முடிந்து ஒன்றரை ஆண்டாக வீட்டில் இருக்கிறான். பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு, இன்று வா, நாளை வா என்று நடக்க விட்டார்கள். ஒரு நாள் போனால் பூட்டுத் தொங்குகிறது. வெள்ளைச் சீருடையில் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிய வீட்டில், அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கவே மனம் வரவில்லை.

ஷார்ஜா அண்ணன்:
உண்மைதான் ஐயா. எங்கள் காலத்திலும் இதே கதைதான். கல்லூரிகள் பெருகிய அளவுக்குப் பயிற்சி இடங்கள் பெருகவில்லை.

கானத்தூர் பழைய மாணவி, செகண்ட் இன்ஜினியர்:
பெரியவரின் வேதனை நியாயமானது. அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். ஆனால் தம்பிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. தம்பி, நீங்கள் சொல்லாமல் விட்டதுதான் முக்கியம். மொத்தம் எவ்வளவு சீ டைம்? ஏன் சைன் ஆஃப் ஆகி, கப்பலிலிருந்து இறங்கினீர்கள்?

ராயபுரத்துக்காரன்:
மன்னிக்கவும் அக்கா. 4 மாதம் 20 நாள். குடல்வால் அறுவை சிகிச்சைக்காக வழியில் இறக்கிவிட்டார்கள். குணமான பிறகு, வெட்கத்தால் கம்பெனிக்கு நான் எழுதவே இல்லை.

கானத்தூர் பழைய மாணவி:
அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது 3 லட்ச ரூபாய் வேலை அல்ல, 40 நாள். பி.டெக். மரைன் முடித்தவர் கிளாஸ் ஃபோர் எழுத 6 மாதக் கடற்பணி போதும். அதில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டு, கப்பலை விட்டே போகலாமா? நோயால் இறங்கியது குற்றமும் இல்லை.

பணம் கட்ட வேண்டாம். சிங்கப்பூரில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனமோ அதன் சார்பில் உரிமம் பெற்ற ஏஜென்சியோதான். அந்த ஏஜென்சியும் ஓர் ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் என்ற வரம்புக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. விசிட் பாஸில் ஒரு நாள்கூட வேலை செய்யாதீர்கள். கெடு தாண்டியும் தங்காதீர்கள். நாளைக்கே அந்த வழக்கு வேறொரு நாட்டு விசாவில் குறுக்கே நிற்கும்.

இன்றே பழைய கம்பெனிக்கு, மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்து, மீண்டும் சேர விருப்பம் என்று எழுதுங்கள். சென்னை வந்ததும், இந்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்குங்கள். கம்பெனி கைவிரித்தால், கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் உள்ள நிறுவனங்களை மட்டும் அணுகுங்கள். கப்பல் வேலைக்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்குவதை 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடுக்கிறது; பெரியவர் இதைத் தம் மகனுக்கும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கடலோடியின் அடையாளப் புத்தகமான சி.டி.சி.யில் சைன் ஆன் (கப்பலில் ஏறிய), சைன் ஆஃப் தேதிகளும் முத்திரையும் சரியாக உள்ளனவா, பயிற்சிப் பணிகளைப் பதியும் ரெக்கார்டு புக்கில் எல்லாக் கையெழுத்தும் உள்ளனவா என்று பாருங்கள். எனக்கு, எண்ணெயைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையரைப் பிரித்துக் கழுவிய பக்கத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அந்த சீஃப் வேறு கப்பலில் இருந்ததால், அவரைப் பிடிக்க மூன்று மாதம் ஆயிற்று. தேர்வுக்காக ராஜாஜி சாலை எம்.எம்.டி. (வணிகக் கப்பல் துறை) அலுவலகத்துக்குப் போன பிறகு கண்டுபிடித்து என்ன பயன்?

ராயபுரத்துக்காரன்:
அக்கா, இப்போதுதான் ரெக்கார்டு புக்கை மேசைமேல் விரித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். சி.டி.சி. சரியாக இருக்கிறது. பாய்லர் வாட்டர் டெஸ்ட் பக்கத்திலும் பைப்லைன் வரைபடத்திலும் கையெழுத்து இல்லை. எங்கள் சீஃப் விடுப்பில் கொச்சியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கும் கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். முகவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் இன்றிரவு நானே பேசுகிறேன்.