மதியத் தூக்கம் ஒன்றரை மணி நேரம்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குறும்படம்

கேள்வி: 2 வயதிலும் 5 வயதிலும் பிள்ளைகள், வாரத்தில் ஐந்து நாள் வேலை. கையில் போன் மட்டும்தான். ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்க எங்கிருந்து தொடங்குவது? டர்பனிலும் பக்கத்து ஊர்களிலும் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்க.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

கதையை வீட்டு நேரத்துக்கு அளவெடுத்துத் தைக்கணும் தங்கச்சி. பக்கத்துக்கு ஒரு நிமிடம்னு ஐந்து பக்கம், ஒரே இடம், இரண்டு பேர், போதும். சின்னதின் மதியத் தூக்கம் 90 நிமிடம்னு வையுங்க. மைக் மாட்டி வெளிச்சம் பார்க்க 25 நிமிடம் போயிரும். கடைசி 15 நிமிடத்தை நம்பவே கூடாது. மிச்சம் 50 நிமிடத்தில் ஷாட்டுக்கு எட்டு நிமிடம் போட்டா ஆறு ஷாட் தேறும். படத்துக்கு 40 ஷாட் வேணும்னா ஏழு மதியம். சனி, ஞாயிறு இரண்டும் கிடைச்சா நாலு வாரம்.

எந்த ஷாட் இல்லாட்டி காட்சியே நிற்காதோ அதை முதலில் எடுங்க. வைடில், அதாவது முழு இடமும் தெரியுற ஷாட்டில், தொடங்குறதுதான் வழக்கம். ஆனா பாதியில் குழந்தை விழிச்சா வைடு மட்டும்தான் கையில் இருக்கும், அதை வெச்சு வெட்ட முடியாது. முக்கியமான குளோசப்பை எடுத்துட்டா வைடை இன்னொரு நாள் சேர்த்துக்கலாம்.

நாலு வாரம் இழுக்கும்போது கன்டினியூட்டிதான் (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது) காலை வாரும். நடிக்கிறவங்க புடவை, வளையல், பொட்டு எல்லாத்தையும் ஒரே பையில் போட்டு வீட்டுக்குள்ளேயே வையுங்க. நிறுத்தும் முன்னே மேசையைப் படம் பிடிச்சுக்கணும்: கோப்பையின் காது எந்தப் பக்கம், தேநீர் எவ்வளவு, நாற்காலி எங்கே. பொட்டு அரை அங்குலம் ஏறினாலும் குளோசப்பில் காட்டிக்கொடுத்துரும்.

ஃபீனிக்ஸிலிருந்து:

அக்கா கணக்கு சரி. வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்றேன். பாடம் எடுக்கிற வீடியோக்களில் வடக்கு ஜன்னல் வெளிச்சம் மிருதுவானதுன்னு சொல்வாங்க. அது வடகோளத்துக்கு. டர்பன் கிட்டத்தட்ட 30 டிகிரி தெற்கில் இருக்கு, சூரியன் வடக்கே சாய்ஞ்சுதான் போகுது. அதனால இங்கே வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழுந்து நிழல் நகர்ந்துகிட்டே இருக்கும். தெற்கு ஜன்னல் பக்கம் உட்காரவெச்சா, குறிப்பா ஜூன், ஜூலையில், மதியம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். ஏழு மதியத்தில் எடுத்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டும். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிரும், வேலை முடிஞ்சு வந்து பகல் காட்சி எடுக்கிற பேச்சே இல்லை. டிசம்பரில் ஏழு வரைக்கும் வெளிச்சம் நிற்கும், ஆனா பிற்பகலில் இடிமழை கெடுக்கும்.

போனில் ஒரு விஷயம். பல போன்கள் தானாகவே நொடிக்கு 30 பிரேமில் (தனித்தனிப் படங்களா) எடுக்கும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் சிமிட்டும், பட்டை பட்டையா ஓடும். 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடின்னு பூட்டிருங்க. பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், அதில் வைட் பேலன்ஸையும் (படத்தின் நிறச் சாயல்) பூட்டலாம். கோடையில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனிக்கும், துடைச்சுப் பிரயோஜனமில்லை. பையை மூடியபடியே அரை மணி வெளியே வெச்சிருந்து பிறகு திறங்க.

டொங்காட்டிலிருந்து:

படம் கொஞ்சம் இருட்டா இருந்தா யாரும் எழுந்து போறதில்லை, வசனம் கேட்கலைன்னா போயிருவாங்க. காசு இருந்தா முதலில் காலர் மைக் வாங்குங்க. தாடைக்கு ஒரு சாண் கீழே குத்தணும். சிந்தெட்டிக் புடவையில் உரசல் சத்தம் வரும், பருத்தியில் குறையும். மருந்துக் கடையில் விற்கும் காகித டேப்பால் மைக்கையும் ஒயரையும் துணியோடு ஒட்டிட்டா இன்னும் நல்லது. பதியும்போது சத்தம் காட்டுற மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும்; பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிஞ்ச குரலைத் திருத்த வழியில்லை.

ஓடுற சத்தம் பதியாம இருக்க பிரிட்ஜை அணைச்சா கார் சாவியை அதுக்குள்ளே வெச்சிருங்க, திரும்பப் போட மறக்காது. மின்விசிறியையும் அணைச்சாகணும், அதனால ஷாட்டுக்கு ஷாட் முகம் துடைக்க ஒரு துண்டு வேணும். ஹடீடா பறவைகள் காலையிலும் சாயங்காலமும் கத்துற கத்தலுக்கு எந்த மென்பொருளும் மருந்தில்லை, அந்த நேரத்தில் வசனக் காட்சி வேண்டாம். கிளம்பும் முன்னே யாரும் பேசாம 30 நொடி அறைச் சத்தம் பதிஞ்சுக்குங்க. வெட்டின இடங்களில் அதைப் பரப்பினாத்தான் ஓட்டை தெரியாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

எடிட்டிங் ராத்திரி ஒன்பதுக்கு மேலதான். பழைய லேப்டாப்பில் 4கே திணறும். டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் லேசான நகல்) உருவாக்கி அதில் வெட்டலாம். நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தா நிமிடத்துக்கு 750 எம்பி, 40 நிமிடத்துக்கு 30 ஜிபி ஆயிரும். அன்னைக்கே இரண்டு டிஸ்க்கில் ஏத்துங்க, ஒண்ணு ஆயா வீட்டில் இருக்கட்டும். போனின் பிரேம் வேகம் நிலையா இல்லைன்னா போகப் போக உதடும் குரலும் விலகும். ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 25க்கு மாற்றிய பிறகே டைம்லைனில் போடணும். கரண்ட் போகிற ராத்திரியில் எக்ஸ்போர்ட் வேண்டாம். எழுதிக்கிட்டிருக்கும்போது அணைஞ்சா டிஸ்க்கே கெட்டுப்போகலாம்.

பெரியவளை நடிக்கவைக்கிறதா இருந்தா வசனம் மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. கேமராவை அவள் கண் உயரத்துக்கு இறக்கி, எதிரே இருக்கிறவங்க கேள்வி கேட்க, அவள் வாயில் வர்றதைப் பிடிங்க. பத்து நிமிடம், மூணு டேக், அதுக்கு மேல முகத்தில் சலிப்புதான் பதியும். காசு கொடுத்து வேறு வீட்டுக் குழந்தையை நடிக்கவைச்சா சட்டம் வரும்: 15 வயதுக்குக் கீழே இருந்தா தொழிலாளர் துறை அனுமதி வேணும். கடற்கரையில் எடுக்கணும்னா டர்பன் ஃபிலிம் ஆபீஸில் முன்கூட்டியே கேளுங்க.

சாட்ஸ்வொர்த்திலிருந்து, மறுபடி:

ஒண்ணு விட்டுட்டேன். ராத்திரி லேப்டாப்பை மூடும் முன்னே, அடுத்து எந்த வெட்டு, எந்த டேக்னு ஒரு தாளில் இரண்டு வரி எழுதி மேலேயே ஒட்டுங்க. நாலு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து திரும்பி உட்காரும்போது, எங்கே விட்டோம்னு தேடுறதுலேயே கிடைச்ச ஒரு மணி நேரமும் போயிரும்.