மூடியுள்ள பாதுகாப்பு ஊசி: பாதி பூட்டாமலே டப்பாவுக்குப் போகிறது

வார்டு_இன்சார்ஜ்:
எங்கள் வார்டுக்கு ஹப்பிலேயே (சிரிஞ்சில் பொருத்தும் ஊசியின் அடிப்பகுதி) மடங்கும் பிளாஸ்டிக் மூடியுள்ள ஊசி வந்திருக்கிறது. ஷார்ப்ஸ் டப்பாவை (கூர்மையான கழிவு போடும் டப்பா) வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது, பல ஊசிகளில் மூடி பூட்டவே இல்லை, சிலவற்றில் அரைகுறை. அடுத்து, நரம்பில் மருந்து ஏற்றப் போடும் கேனுலாவையும் பாதுகாப்பு வகைக்கு மாற்றப்போகிறோம். பயிற்சியில் எதை அழுத்திச் சொல்வது? ஊசியை எரித்து அழிக்கும் நீடில் பர்னர் இனி தேவையா?

தொற்றுத்தடுப்பு_நர்ஸ்:
சிஸ்டர், பூட்டும் நேரம்தான் முக்கியம். ஊசியை உருவியதும் ஒரு கை பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும். மூடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிரிஞ்சை டிரேயில் வைத்தால், அது திறந்த ஊசிதான். உருவிய கையாலேயே, அந்த இடத்திலேயே பூட்டச் சொல்லுங்கள். கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ மூடியின் அடிப்பக்கத்தில், எப்போதும் ஊசிமுனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். முனை உங்களையும் நோயாளியையும் பார்க்கக் கூடாது. மூடி அடிக்கும்போது துளி தெறிக்கும்.

அரைகுறைப் பூட்டில் ஊசி மூடிக்குள் கிடப்பதுபோல் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் கொக்கியில் மாட்டியிருக்காது. டப்பாவில் விழும்போது வெளியே வந்துவிடும். 'க்ளிக்' கேட்காவிட்டால் மூடியை மேசை போன்ற கெட்டியான பரப்பில் வைத்து அழுத்துங்கள். இன்னொரு கை வேண்டவே வேண்டாம்.

தொடக்கத்திலேயே ஒன்று: ஊசியைச் சிரிஞ்சில் நன்றாகத் திருகி இறுக்கவில்லையென்றால் பூட்டும்போது ஹப் சுழலும். மூடியைச் சிரிஞ்ச் பக்கம் சாய்த்த பிறகே ஊசி உறையை நேராக இழுத்துக் கழற்ற வேண்டும்.

ஐசியூ_பயிற்றுநர்:
கேனுலாவுக்குத் தானியங்கி வகையையே கேளுங்கள். பட்டன் அழுத்தினால் ஊசி உள்ளே போகும் வகையில், அவசரத்தில் பட்டனை மறப்பார்கள். தானியங்கியில் ஊசியை முழுவதும் உருவும்போது சிறிய உலோகக் கிளிப் முனையைத் தானாகக் கவ்விக்கொள்ளும். முனை மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

பழைய வென்ஃப்ளான் (சாதாரண கேனுலா) பழக்கம் ஒன்றை விட வைக்க வேண்டும்: நரம்பு கிடைக்கவில்லை என்று பின்னால் இழுத்த ஊசியைத் திரும்பக் கேனுலாவின் பிளாஸ்டிக் குழாய்க்குள் தள்ளுவது. முனை குழாயைக் கிழித்து, துண்டு ரத்தக்குழாய்க்குள் போகலாம். புதிதாக ஒன்று எடுங்கள். ஊசியை உருவும்முன் குழாய் முனைக்கு மேலே நரம்பை அழுத்திப் பிடித்தால் ரத்தம் கொட்டாது.

கழிவு_மேற்பார்வை:
பூட்டிய ஊசி பர்னருக்குள் போகாது. அதற்காக மூடியைத் திறப்பவர்களைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். சிரிஞ்சிலிருந்து கழற்றவும் வேண்டாம்; 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசியோடு உள்ள சிரிஞ்சுக்கும் வெள்ளை, துளைபடாத டப்பாதான். ஆனால் இடம் சீக்கிரம் நிறையும். முக்கால் அளவு வந்ததும் டப்பாவை மூடிவிட்டு வேறு டப்பா வையுங்கள், பெரிய டப்பாவாகக் கேளுங்கள். சாதாரண ஊசி வார்டில் இருக்கும்வரை பர்னரோ ஊசி வெட்டும் கட்டரோ இருக்கட்டும்.

வார்டு_இன்சார்ஜ்:
நன்றி. எனாக்ஸபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சிரிஞ்சில் சிலசமயம் ஊசியை மூடும் பாதுகாப்பு உறை இறங்குவதில்லையே?

தொற்றுத்தடுப்பு_நர்ஸ்:
மருந்து முழுதும் போனால்தான் இறங்கும். 60 மி.கி. சிரிஞ்சில் 40 கொடுத்துவிட்டு 20-ஐ உள்ளே விட்டால் பூட்டாது. மிகுதியைக் குத்துவதற்கு முன்பே வெளியேற்றிவிடுங்கள். முழு டோஸ் என்றால் காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டாம். பிளஞ்சரைக் கடைசிவரை அழுத்தி, விரலை எடுக்காமல் ஊசியை உருவி, பிறகு இன்னொருமுறை பலமாக அழுத்தினால் உறை இறங்கிவிடும்.